“குருவிக்கு ஒன்றும் செய்யாது” என்று விற்ற வாசனைப் பெட்டி: 11,750 ரூபாவும் போனது, என் கொக்கட்டீலும் போனது

இன்றைக்கு ஐந்தாம் நாள். கோபம் இன்னும் ஆறவில்லை. எழுத்து அங்கும் இங்கும் இழுபட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். லவ்பேர்ட்ஸ், கொக்கட்டீல் (கொண்டை வைத்த சின்னக் கிளி) வளர்க்கிற நம் வன்னிச் சனம் நாலு பேர் வாசித்தாலே போதும்.

நான் கிளிநொச்சிப் பக்கம் வீட்டில் இருந்து தைக்கிறவள். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த சின்ன வீடு. ஹோலில் ஒரு பக்கம் மெஷின், மறுபக்கம் கூடு. ஒரு சோடி கொக்கட்டீல், நாலு லவ்பேர்ட்ஸ். மாரி தொடங்கியதிலிருந்து தூவானம் அடிக்கிறது என்று யன்னல்களைப் பூட்டியே வைத்திருந்தோம். நனைந்த தினை, எச்சம், புழுக்கம் எல்லாம் சேர்ந்து ஒரு மணம். தைத்துக் கொடுத்த பிளவுஸை ஒரு அன்ரி மூக்கருகே பிடித்துப் பார்த்துவிட்டு, “பிள்ளை, இதில கோழிக்கூடு மணக்குது” என்றார். எனக்கு முகம் சுருங்கிப்போனது. அன்றிரவே போனை எடுத்துத் தேடத் தொடங்கினேன்.

கடையின் பெயரைச் சொல்லவில்லை. வீட்டுச் சாமான்களைப் படம் போட்டு விற்று கூரியரில் அனுப்புகிற ஒன்லைன் கடைகளில் ஒன்று. நான் பார்த்தது சுவரில் கொழுவுகிற வெள்ளைப் பெட்டி. பற்றரி போட்டு உள்ளே ஒரு ஸ்பிரே டின்னை வைத்தால் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை தானாகவே வாசனை அடிக்கும்.

நான் கேட்காமல் வாங்கவில்லை. வயிறு எரிவதே அதனால்தான். “தம்பி, வீட்டில குருவியள் நிக்குது. அதுகளுக்கு ஒண்டும் செய்யாதோ?” என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். இரண்டு நிமிடத்தில் குரல் பதிவு வந்தது. இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். “அக்கா, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. எங்கட வீட்டிலயும் ஏழு லவ்பேர்ட்ஸ் நிக்குது. கூட்டுக்கு மேலதான் இதைக் கொழுவி வச்சிருக்கிறம். முழுக்க மூலிகை.” அவன் கதைக்கும்போது பின்னால் குருவிகள் கத்துகிற சத்தம் வேறு. அந்தச் சத்தத்தில்தான் நான் விழுந்தேன். குருவி வளர்க்கிற பிள்ளை பொய் சொல்லாது என்று நினைத்தேன். அது எந்த வீடியோவில் இருந்து போட்ட சத்தமோ, இப்போது யோசித்தால் விசர் வருகிறது.

பெட்டி 8,450. டின் 950 படி மூன்று. கூரியர் 450. மொத்தம் 11,750 ரூபா. ஓஃபர் விலை என்பதால் காசை முன்னுக்கே வங்கியில் போட வேண்டுமாம். போட்டேன். ஒரு பிளவுஸ் தைக்க நான் வாங்குவது 900. பதின்மூன்று பிளவுஸ் தைத்தாலும் 50 ரூபா குறைகிறது.

சனிக்கிழமை மத்தியானம் சாமான் வந்தது. டின்னில் பெரிய பச்சை ஸ்டிக்கர்: “பறவைகளுக்குப் பாதுகாப்பானது.” கூட்டிலிருந்து இரண்டு முழம் தள்ளிக் கொழுவினேன். யன்னல் பூட்டு. இரவு முழுக்க ஷ்ஷ், ஷ்ஷ் என்று அடித்துக்கொண்டிருந்தது. மல்லிகை மணம். நல்லாயிருக்கு என்று நானே சொன்னேன்.

எங்கள் ஆண் கொக்கட்டீல் காலையில் பாண் ஓட்டோ வரும்போது அதன் மெட்டை அப்படியே விசிலடிப்பான். கடைசி இரண்டு சுரத்தை மட்டும் பிழையாக. ஞாயிறு காலை ஓட்டோ வந்தது, போனது. விசில் இல்லை. போய்ப் பார்த்தால் தடியில் இருக்காமல் கூட்டின் அடியில், கடதாசிக்கு மேல் குந்தியிருக்கிறான். இறகு பொங்கி, வாய் திறந்தபடி. வால் மட்டும் மேலும் கீழும், மேலும் கீழும், மெஷின் ஊசி போல. கூட்டோடு விறாந்தைக்குத் தூக்கிப் போனோம். தண்ணீர் காட்டினோம், குடிக்கவில்லை. பத்தரைக்குப் போய்விட்டான். முருங்கைக்குக் கீழே புதைத்தோம். பெட்டையும் லவ்பேர்ட்ஸும் தப்பியது, வெளியே எடுத்த புண்ணியம்.

அன்று பின்னேரம் அந்த டின்னைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். பச்சை ஸ்டிக்கரின் ஒரு மூலை கிளம்பியிருந்தது. நகத்தால் உரித்தேன். அடியில் பொடி ஆங்கில எழுத்து. மகளை வாசிக்கச் சொன்னேன். காற்றோட்டமான இடத்தில் பாவிக்கவும், பறவைகளுக்கு அருகில் பாவிக்க வேண்டாம். எச்சரிக்கைக்கு மேலேயே ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறார்கள்! மற்ற இரண்டு டின்னிலும் அதே இடத்தில், அளந்து ஒட்டியது போல.

திங்கள் காலை மிருக வைத்தியரிடம் போனேன். மாடு, ஆடு பார்க்கிற டொக்டர்தான், ஆனாலும் இருத்தி வைத்து விளங்கப்படுத்தினார். நம் நுரையீரல் போல பறவையின் நுரையீரல் விரிந்து சுருங்காதாம். உடம்புக்குள் இருக்கிற காற்றுப்பைகள்தான் துருத்தி போலக் காற்றை அதற்குள் ஒரே திசையில் தள்ளுமாம். அதனால் ஒட்சிசனை நம்மை விட நன்றாக எடுக்கும், காற்றில் நஞ்சு இருந்தால் அதையும் அப்படியே எடுக்கும். “இங்கிலாந்தில 1986 வரைக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்குள்ள கனாரிக் குருவி கொண்டு போனவங்கள், ஏன் எண்டு நினைக்கிறீங்கள்? ஆளுக்கு முதல் குருவி விழும்” என்றார். மூலிகையாக இருந்தாலென்ன, எதுவாக இருந்தாலென்ன, ஸ்பிரேயாக அடித்தால் ஆபத்துத்தான் என்றார். “நுளம்புத்திரியும் கொளுத்துறனீங்களோ?” என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டேன். அதுவும் நடந்ததுதான், ஒளிக்கவில்லை.

இனிக் கடைக்காரர் கதை. முதல் நாள்: “மனேஜர் லீவு அக்கா.” அடுத்த நாள்: “குளிருக்குச் செத்திருக்கும்.” அப்புறம், டொக்டரிடம் கடிதம் வாங்கி அனுப்பச் சொன்னான். உடலை வெட்டிப் பார்க்காமல் காரணம் எழுத முடியாது என்று டொக்டர் சொன்னதைச் சொன்னேன். “அப்ப நாங்கள் என்ன செய்யிறது?” என்று சிரித்தான். உண்மையாகவே சிரித்தான். உரித்த ஸ்டிக்கரின் படத்தை அனுப்பினேன். இரண்டு நீலச் சரி விழுந்தது, பிறகு என் நம்பரை புளொக் பண்ணிவிட்டான். 11,750 ரூபாவுக்கு ஒரு மன்னிப்பும் இல்லை.

விடவில்லை. தங்கச்சியின் போனிலிருந்து, வாங்குகிற ஆள் மாதிரி, வீட்டில் கிளி நிற்கிறது என்று கேட்க வைத்தேன். அதே குரல். “ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ அக்கா. எங்கட வீட்டிலயும் ரெண்டு கிளி நிக்குது.” ஏழு லவ்பேர்ட்ஸ் ஒரு கிழமைக்குள் இரண்டு கிளியாகிவிட்டது.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு முறைப்பாடு சொல்லப் போகிறேன். வங்கிச் சிலிப், குரல் பதிவு, ஸ்டிக்கர் எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

டொக்டர் சொன்னதெல்லாவற்றையும் வரிசையாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். குருவி நிற்கிற இடத்தில் வாசனை ஸ்பிரே, வாசனை மெழுகுதிரி, ஊதுபத்தி, சாம்பிராணி, நுளம்புத்திரி, பூச்சி உருண்டை ஒன்றும் வேண்டாம். ஒட்டாத சட்டியை வெறுமனே அடுப்பில் காயவிட்டாலும் அந்தப் புகையில் குருவி சாகும். கூட்டுக் கடதாசியை ஒவ்வொரு நாளும் மாற்றுங்கள், நனைந்த தினையைக் கொட்டுங்கள். கூட்டுத் தட்டை, குருவி இல்லாத இடத்தில் தண்ணீர் கலந்த வினாகிரியால் கழுவி வெயிலில் காயவையுங்கள். வினாகிரியோடு குளோரினைச் சேர்த்துவிடாதீர்கள், அது மனிசருக்கே கூடாது. மணத்தை இழுக்க, குருவிக்கு எட்டாத இடத்தில் ஒரு கோப்பையில் அப்பச்சோடா. மழை விட்டதும் யன்னலைத் திறவுங்கள். வால் ஆட, வாய் திறந்து மூச்சு எடுத்தால் உடனே நல்ல காற்றுக்குக் கொண்டு போய், டொக்டரைத் தேடி ஓடுங்கள். முக்கியமாக, ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உரித்துப் பாருங்கள்.

நான்கு நாளாக இதைத்தான் செய்கிறேன். பழைய பேப்பரும் ஒரு போத்தல் வினாகிரியும்தான் செலவு. மணம் பாதிக்கு மேல் போய்விட்டது.

பெட்டியைப் பற்றரி கழற்றிக் கிணற்றடியில் வைத்திருக்கிறேன். தம்பி, நீ இதை வாசித்தால், ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டு போ. வரும்போது என் 11,750 ரூபாவையும் கொடுத்துவிடு.