ராமேஸ்வரத்தில் ஒரு நாளுக்கு மேல் தங்கினால்

ராமேஸ்வரம் என்றால் நம் ஆட்களுக்கு ஒரு கணக்கு உண்டு. விடிகாலையில் இறங்கு, அக்னி தீர்த்தத்தில் முங்கு, 22 தீர்த்தம் ஆடு, சுவாமியைப் பார், மத்தியானம் தனுஷ்கோடி, சாயங்காலம் வண்டி ஏறு. பரமக்குடிப் பக்கம் பிறந்த எனக்கும் சின்ன வயதில் அந்த ஊரை அப்படித்தான் காட்டினார்கள். இந்த முறை சிங்கப்பூரிலிருந்து ஜூன் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அம்மா, அக்கா குடும்பம், எங்கள் பிள்ளைகள் எல்லோருமாக, ராமேஸ்வரம் இருக்கும் பாம்பன் தீவிலேயே சில நாட்கள் தங்கினோம். கோவிலுக்கு ஒரு காலை, மற்ற நேரமெல்லாம் கடலுக்கு. விடுமுறையில் ஊருக்கு வருகிறவர்கள் பிள்ளைகளுக்குக் கடல் காட்ட வேண்டும் என்றால் கோவாவுக்கும் கோவளத்துக்கும் டிக்கெட் போடுகிறார்கள். சொந்த மாவட்டத்தில் இரண்டு கடலுக்கு நடுவே ஒரு தீவு இருக்கும்போது அது எனக்குப் பெரிய வருத்தம். அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

முதலில் காற்றைப் பார்க்க வேண்டும். பாம்பனிலிருந்து கிழக்குக் கோடியான அரிச்சல்முனை வரை தீவு கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் நீளம். கிழக்கே போகப் போக ஒடுங்கி, தனுஷ்கோடியில் வெறும் மணல் வரப்பாகிவிடும். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. அங்குள்ளவர்கள் வடக்குப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் தெற்குப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ஜூனில் தென்மேற்குக் காற்று பலமாக அடிக்கும்; தெற்குப் பக்கம் அலை தூக்கி எறியும், அதே நேரத்தில் வடக்குப் பக்கம் முழங்கால் தண்ணீரில் பிள்ளைகள் உட்கார்ந்து விளையாடலாம். வடகிழக்குக் காற்று வரும் மாதங்களில் இது தலைகீழ். அறை எந்தப் பக்கம் எடுப்பது என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சிங்கப்பூர் பள்ளிகளின் ஆண்டு இறுதி விடுமுறை நவம்பர், டிசம்பரில் வருகிறது. அது மழையும் புயலும் உள்ள காலம். பழைய தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதும் 1964 டிசம்பரில்தான். பிள்ளைகளோடு கடலுக்கென்றே வருவதானால் அந்த மாதங்கள் வேண்டாம். கோடையில் வெயில் கடுமைதான், ஆனால் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 4 மணிக்குப் பின்னும் கடல் நமக்குக் கிடைக்கும்.

தங்கும் இடங்கள் எல்லாம் ஒரு நாள் யாத்திரிகர்களை நினைத்துக் கட்டப்பட்டவை. முதலில் போன விடுதியில் வரவேற்பில் இருந்த பையன், "எத்தனை மணிக்கு சார் காலி பண்றீங்க?" என்று கேட்டான். "இல்ல தம்பி, சில நாள் தங்கப்போறோம்" என்றதும் உண்மையாகவே ஆச்சரியப்பட்டு, "தங்கி என்ன சார் பண்ணுவீங்க?" என்றான். அறையில் நாலு கட்டில் இருந்தது. ஈரத்துணி காயப்போட ஒரு கொடி இல்லை, மணல் காலைக் கழுவ வெளியே ஒரு குழாய் இல்லை. இணையத்தில் 'கடல் பார்த்த அறை' என்று போட்டிருந்த ஜன்னலில் தண்ணீர்த் தொட்டிதான் தெரிந்தது. கேட்டதும் பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு வடக்குக் கரையில் ஓலைக்குடாப் பக்கம் ஒரு சின்ன விருந்தினர் வீட்டுக்கு மாறினோம். அங்கே திண்ணை இருந்தது, வேப்பமர நிழல் இருந்தது, சமைத்துத் தர ஓர் அக்கா இருந்தார். எங்கள் விடுமுறை அங்கேதான் ஆரம்பித்தது. அறை பிடிக்கும்போது போனில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: குளிக்க நல்ல தண்ணீர் வருமா, உப்புத் தண்ணீரா? தீவில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. முன்கூட்டியே சொன்னால் நல்ல தண்ணீர் தனியாகப் பிடித்து வைக்கிறார்கள். குடிக்கக் கேன் தண்ணீர்தான்.

பணம் கொடுப்பதில் பெரிய மாற்றம் வந்திருக்கிறது. இளநீர் வெட்டுகிறவரிடமும் க்யூஆர் அட்டை இருக்கிறது. வெளிநாட்டு கார்டை எடுத்தால் பெரிய ஓட்டல்கள் தவிர யாருக்கும் அது உதவாது. 2023 முதல் சிங்கப்பூர், அமீரகம், பிரிட்டன், அமெரிக்கா உட்படச் சில நாடுகளின் போன் எண்களோடு, வெளிநாட்டில் வாழும் இந்தியர்களின் என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்குகளுக்கு யுபிஐ அனுமதித்திருக்கிறார்கள். கிளம்புவதற்கு முன்பே அதைச் செயல்படுத்தி, ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்துவிடுங்கள். இந்திய வங்கிக் கணக்கு இல்லாதவர்கள் ராமநாதபுரத்திலேயே ரொக்கம் எடுத்துக்கொள்வது நல்லது. அப்புறம், அரிச்சல்முனையில் போன் சில சமயம் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். ரோமிங்கை அணைத்து வையுங்கள்.

வண்டிக்கு ஓர் ஆட்டோக்காரரைப் பேசி வைத்துக்கொண்டோம். இந்தப் பயணத்தில் கிடைத்த சேவைகளில் இதற்குத்தான் நான் முதல் இடம் தருவேன். மீனவர் குடும்பத்துப் பையன், காலையில் வந்து நின்றதும் வானத்தைப் பார்ப்பார். "இன்னைக்குத் தெக்க காத்து ஜாஸ்தியா இருக்குண்ணே, அந்தப் பக்கம் வேணாம். அம்மாவையும் பிள்ளைகளையும் வச்சுக்கிட்டு ஓலைக்குடாவுலயே இருப்போம்" என்பார். சவாரி கைவிட்டுப் போனால் அவருக்குத்தான் நஷ்டம், ஆனாலும் சொல்வார். கடலில் இறங்கும்போது பிள்ளைகளுக்கு ரப்பர் செருப்புப் போடச் சொன்னதும் அவர்தான். உடைந்த பவளக்கல் காலைக் கிழித்துவிடும். சொறி எனப்படும் ஜெல்லி மீன் ஒதுங்கும் நாட்களையும் அவரே சொல்லிவிடுவார்.

சாப்பாட்டைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். கோவிலைச் சுற்றி பெரும்பாலும் சைவ ஓட்டல்கள். மீனுக்குப் பாம்பன் பக்கம் போக வேண்டும், அல்லது கரையிலேயே வாங்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம்; நாங்கள் போனபோது அது முடிகிற சமயம். தடைக்காலத்தில் மீனே இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். நாட்டுப்படகுகள் அப்போதும் போகின்றன. நகரை, சூடை, பாறை, கணவாய், நண்டு எல்லாம் அவர்களிடம் கிடைக்கும். தடை முடிந்த பிறகு விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாளும் நாட்டுப்படகுகள் மற்ற நாட்களிலும் போவது அங்கே நெடுநாள் ஏற்பாடு. என்றைக்கு யார் போகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொண்டால் எந்தக் காலையில் என்ன மீன் வரும் என்று தெரிந்துவிடும். வாங்கிக் கொடுத்ததை விருந்தினர் வீட்டு அக்கா முண்டு மிளகாய் அரைத்துக் குழம்பு வைத்தார். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். அந்த மிளகாயில் வைத்த நகரைக் குழம்பை மறுநாள் காலை இட்லிக்கு ஊற்றிச் சாப்பிட்டால்தான் அந்தக் குறியீட்டின் அர்த்தம் புரியும். சிங்கப்பூரில் காரம் தொடாத என் மகள் இரண்டாவது முறை கேட்டு வாங்கினாள். சாலையோரம் நுங்கு சீசன் வேறு.

தனுஷ்கோடிக்கு இரண்டு முறை போனோம். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரையிலான ஒன்பதரை கிலோமீட்டர் சாலை 2017-ல் திறந்த பிறகு சொந்த வண்டியிலேயே முனை வரை போகலாம். முன்பு மணலிலும் தண்ணீரிலும் வேனில் குலுங்கிப் போன பாதை அது. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், வண்டிகள் முனையிலிருந்து நெடுந்தூரம் வரிசைகட்டி நிற்கும். அமாவாசை நாட்களையும் காலண்டரில் பார்த்து ஒதுக்கிவிடுங்கள், குறிப்பாக ஆடி, தை அமாவாசை. சாயங்காலம் இருட்டும் முன் எல்லோரையும் அனுப்பிவிடுகிறார்கள்.

முனையில் குளிக்கவே கூடாது. இரண்டு பக்க நீரோட்டமும் சேரும் இடம். காலடி மணலே நழுவும். பலகை இருக்கிறது, ஒரு காவலர் விசில் ஊதிக்கொண்டே இருக்கிறார், ஆனாலும் வெளியூர்க் குடும்பங்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போட்டோ எடுப்பதைப் பார்க்க எனக்கு வயிறு கலங்கியது. நாங்கள் இருந்த நேரம் முழுக்க உயிர்காக்கும் நீச்சல்காரர் ஒருவரையும் பார்க்கவில்லை. கழிப்பறையில் தண்ணீர் இல்லை. பெண்கள் உடை மாற்ற இடம் இல்லாமல் அக்காவும் பெண்பிள்ளைகளும் ஈரத்துணியோடு அறை வரை வந்தார்கள். கோடிக்கணக்கில் சாலை போட்ட இடத்தில் இந்தச் சின்ன வசதிகள் ஏன் வரவில்லை என்பதுதான் என் கேள்வி.

இன்னொன்று. இந்த இடத்தைப் பேய் ஊர் என்று வீடியோ போடுகிறார்கள். அங்கே இன்றும் மீனவக் குடும்பங்கள் குடிசைகளில் வாழ்கின்றன. மணலில் ஊற்றுத் தோண்டி, அகப்பையால் நல்ல தண்ணீர் மொண்டு எடுக்கிறார்கள்; இரண்டு பக்கமும் உப்புக் கடல் இருக்க நடுவில் இனிப்பான தண்ணீர். என் பிள்ளைகளை இடிந்த தேவாலயத்தை விட அதிகம் கவர்ந்தது அந்த ஊற்றுதான். வறுத்த மீனையும் மோரையும் அவர்கள் கடையில் வாங்குங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாம்பன் பாலத்துக்கு மேற்கே உச்சிப்புளிப் பக்கம் அரியமான் கடற்கரை, சவுக்குத் தோப்பு நிழலோடு, வயதானவர்களுக்கு மிக வசதி. அம்மா அங்கேதான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தார். குந்துகால், 1897-ல் விவேகானந்தர் கரையிறங்கிய இடம், மாலையில் அமைதியாக இருக்கும். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அனுமதியில்லாமல் இறங்க முடியாது. 'நான் கூட்டிட்டுப் போறேன்' என்று கரையில் யாராவது சொன்னால் படகில் ஏறாதீர்கள். ஜனவரி, பிப்ரவரியில் வருகிறவர்களுக்குப் பூநாரைகள் உண்டு. 2025-ல் தனுஷ்கோடியில் சரணாலயமே அறிவித்திருக்கிறார்கள். பெரிய மருத்துவ உதவிக்கு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும், காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவசரமான மருந்துகளைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரை விமான நிலையத்திலிருந்து காரில் வருவது எளிது. ஆனால் வயதானவர்கள் இருந்தால் ரயிலைச் சொல்வேன். 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோய், பயணிகள் பாலத்துக்கு இந்தப் பக்கமே இறங்கிப் பேருந்து பிடித்த காலம் 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாலம் திறந்ததோடு முடிந்தது. கப்பலுக்கு வழிவிட 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே நேராக மேலே எழும்புகிற பாலம் அது. சென்னையிலிருந்து வருகிறவர்கள் கவனிக்க: முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது, விடுமுறை நாட்களில் அன்று காலையே கீழ்ப் படுக்கைகள் தீர்ந்துவிடுகின்றன. அறையை அதற்குப் பிறகு பிடித்துக்கொள்ளலாம். கடலோர வீடுகள் கோவில் தெரு விடுதிகள் அளவுக்கு நிரம்புவதில்லை.