லேன் போர்ட்டில் பச்சை விளக்கு எரிந்தால் கார்டு வாங்காதீர்கள்

வீட்டில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டரை ஒரே ஒரு கேபிளால் இணைக்க 3,650 ரூபாய் அழுதேன். அத்தனையும் தேவையில்லாத செலவு என்று தெரிய ஒன்பது நாள் ஆனது.

ஈரோட்டில் வீட்டிலேயே கல்யாண ஆல்பம் வடிவமைத்துக் கொடுக்கிறேன். பழைய கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் 10. 2025 அக்டோபரோடு அதற்கு ஆதரவு நின்றுபோனதால் புதிதாக ஒன்று வாங்கினேன். பழையதில் சுமார் 600 ஜிபி படங்கள். பென் டிரைவில் மாற்றி மாளாது. ரௌட்டர் பெட்டியோடு வந்த ஒன்றரை மீட்டர் லேன் கேபிள் சும்மா கிடந்தது, அதை எடுத்து இரண்டின் லேன் போர்ட்டிலும், அதாவது அந்தக் கேபிளுக்கான துளையில், செருகினேன்.

இரண்டு போர்ட்டிலும் பச்சை விளக்கு எரிந்தது. பக்கத்தில் ஆரஞ்சு விளக்கு மினுக்மினுக்கென்றது. ஆனால் இரண்டு திரையிலும் 'அன்ஐடென்டிஃபைடு நெட்வொர்க்', அதாவது தெரியாத நெட்வொர்க் என்று காட்டியது. நெட்வொர்க்கில் கம்ப்யூட்டரை அடையாளம் காட்டும் நம்பரான ஐபி முகவரி 169.254 என்று தொடங்கியது. ஒன்றிலிருந்து மற்றதுக்குப் பிங் அடித்தால் (இருக்கிறாயா என்று கேட்கும் சோதனை) பதிலே இல்லை. அரை நாள் மல்லுக்கட்டிவிட்டு, பஸ் ஸ்டாண்ட் போகும் வழியில் உள்ள ஒரு சர்வீஸ் கடைக்குப் போன் போட்டேன்.

வந்தவர் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தார். "ஆன்போர்டு லேன், அதான் கம்ப்யூட்டரோடயே வர்ற போர்ட்டு, போயிடுச்சு சார். இடி இடிச்சப்ப அடிச்சிருக்கும். அப்புறம் இது நேர் கேபிள், கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர்னா க்ராஸ் கேபிள்தான் எடுக்கும்." போன வாரம் இடி இடித்தது உண்மைதான். தலையாட்டினேன்.

மறுநாள் துண்டுச் சீட்டில் கணக்கு வந்தது. லேன் கார்டு (புதிதாக ஒரு லேன் போர்ட் தரும் அட்டை) 850, கேட் 6 க்ராஸ் கேபிள் 10 மீட்டர் 750, ஸ்விட்ச் (லேன் கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி) 1,250, சர்வீஸ் 800. இணைப்பு வந்துவிட்டது, நானும் ஜிபேயில் பணத்தை அனுப்பிவிட்டேன். அன்றிரவு காப்பி போட்டபோது வேகம் விநாடிக்கு 11 எம்பி. அந்தக் கணக்கில் 600 ஜிபிக்குப் பதினைந்து மணி நேரம். வேலை நடுவே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டிருந்தேன். இவ்வளவுதான் வரும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வார இறுதியில் கோயம்புத்தூரிலிருந்து அக்கா பையன் வந்தான். வேகத்தைப் பார்த்தவன், "மாமா, கேபிளோட தலையக் காட்டுங்க" என்றான். கண்ணாடி மாதிரி இருக்கும் அந்த முனைக்குள் எட்டுக் கம்பி வரிசையாகத் தெரிய வேண்டும். இதில் நான்குதான் இருந்தன. 1, 2, 3, 6 ஆகிய இடங்களில் மட்டும் கம்பி, மற்ற நான்கும் காலி. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு, அதாவது விநாடிக்குச் சுமார் 12 எம்பிக்கு, அந்த நான்கே போதும். அதைப்போலப் பத்து மடங்கான ஜிகாபிட் வேகம் வர எட்டும் வேண்டும். 11 எம்பியைத் தாண்டாததன் காரணம் அதுதான்.

அடுத்த முனையையும் பக்கத்தில் வைத்துக் காட்டினான். க்ராஸ் கேபிள் என்றால் ஒரு முனையில் ஆரஞ்சு ஜோடி இருக்கும் இடத்தில் மறு முனையில் பச்சை ஜோடி இருக்கும். இதில் இரண்டு முனையிலும் ஒரே வரிசை. அதாவது க்ராஸ் என்று விற்றதும் நேர் கேபிள்தான்! ஜிகாபிட் போர்ட்டுகள் எந்தக் கேபிளாக இருந்தாலும் தாமே மாற்றிப் புரிந்துகொள்ளும். போதாக்குறைக்கு நடுவில் ஸ்விட்ச் இருந்தால் க்ராஸ் கேபிளுக்கு வேலையே இல்லை. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாத இரண்டு பொருளையும் ஒரே சீட்டில் எழுதியிருக்கிறார். மீந்த நுனியை வெட்டி பிளேடால் சுரண்டினான். செம்பு நிறத்துக்கு அடியில் வெள்ளை. செம்பு முலாம் பூசிய அலுமினியம்.

அப்புறம் 'செத்துப்போன' பழைய போர்ட்டிலேயே என் ஒன்றரை மீட்டர் கேபிளைச் செருகினான். பச்சை விளக்கு எரிந்தது. முதல் நாளும் எரிந்தது என்று சொன்னேன். "எரிஞ்சா கார்டு உயிரோட இருக்குன்னு அர்த்தம் மாமா. அந்த 169 நம்பரிலேயே ரெண்டும் பேசியிருக்கும். வெளியிலிருந்து வர்றதைத் தடுக்கிற விண்டோஸ் ஃபயர்வால்தான் விட்டிருக்காது." ஐபி கொடுக்க நடுவில் ரௌட்டர் இல்லாவிட்டால் விண்டோஸ் தானே போட்டுக்கொள்ளும் நம்பராம் அது. தெரியாத நெட்வொர்க் என்றால் அதைப் பொது இடம்போலக் கருதி பிங்கையும் ஃபைல் பகிர்வையும் அடைத்துவிடுமாம்.

ஐபி முகவரியை அவனே கையால் போட்டான்: ஒன்றுக்கு 192.168.50.1, மற்றதுக்கு 192.168.50.2, சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே காலி. எங்கள் வைஃபை 192.168.1 வரிசையில் இருப்பதால் வேண்டுமென்றே வேறு வரிசை. நெட்வொர்க்கை 'பிரைவேட்' என்று மாற்றி, ஃபைல் பகிர்வை ஆன் செய்தான். பாஸ்வேர்டு கேட்டபோது நான் வழக்கமான பின் நம்பரைப் போட்டேன், ஏற்கவில்லை. நெட்வொர்க்கில் பின் செல்லாது, கணக்கின் முழு பாஸ்வேர்டுதான் வேண்டும். எல்லாம் சேர்ந்து இருபது நிமிடம். வேகம் விநாடிக்கு 95 எம்பிக்கும் 105 எம்பிக்கும் நடுவே நின்றது.

எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது இதற்கப்புறம்தான். கடைக்காரர் எப்படி இணைப்பு வரவைத்தார் என்று தேடினால், இரண்டு கம்ப்யூட்டரிலும் ஃபயர்வாலை மொத்தமாக அணைத்து வைத்திருக்கிறார். டிரைவ் முழுவதையும் பாஸ்வேர்டு இல்லாமல் 'எவ்ரிஒன்', அதாவது யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்று பகிர்ந்திருக்கிறார். எங்கள் வைஃபை பாஸ்வேர்டு மாடியில் குடியிருப்பவர்களுக்கும் தெரியும். ஊரார் வீட்டுக் கல்யாணப் படங்கள் ஒன்பது நாள் அப்படித் திறந்து கிடந்திருக்கின்றன. அவர் செய்த ஒரே வேலை அதுதான், சீட்டில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

கடைக்குப் போனேன். "இப்ப ஓடுதுல்ல சார், அப்புறம் என்ன?" என்றார். பில் கேட்டால், "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும்" என்றார். நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசப்போகிறேன், ஜிபே ரசீதும் துண்டுச் சீட்டும் கையில் இருக்கின்றன என்று சொன்ன பிறகு ஸ்விட்ச்சையும் கேபிளையும் வாங்கிக்கொண்டு 2,000 ரூபாய் கொடுத்தார். கார்டைத் திரும்ப எடுக்க மாட்டாராம். அது சிபியுவுக்குள்தான் இருக்கிறது, எந்தக் கேபிளும் செருகாமல்.