எக்ஸ்மார்க் லேசர் இசட் 52 அங்குலப் புல்வெட்டி: ஒரு மைதானப் பராமரிப்பாளரின் மதிப்பீடு

டெக்சஸ் மாநிலத்தில் எங்கள் கிரிக்கெட் குழு குத்தகைக்கு எடுத்திருக்கும் மைதானம் முழுவதும் பெர்முடா புல் வளர்ந்துள்ளது. கோடை தொடங்கிவிட்டால் இந்தப் புல்லை வாரத்துக்கு இருமுறையாவது வெட்டியாக வேண்டும். இல்லையென்றால் தரையோடு அடித்த பந்து எல்லைக்கோட்டை எட்டாமல் பாதியிலேயே நின்றுவிடும். வீட்டுத் தோட்டத்துக்கென விற்கப்படும் டிராக்டர் வகைப் புல்வெட்டிகள் இவ்வளவு வேலையைத் தாங்குவதில்லை என்பதால், குழுவினர் பணம் திரட்டி வணிகப் பயன்பாட்டுக்கான எக்ஸ்மார்க் லேசர் இசட், ஈ வரிசை இயந்திரத்தை வாங்கினார்கள். வெட்டும் அகலம் 52 அங்குலம். இன்ஜின் 726 சிசி கொண்ட இரட்டை சிலிண்டர் கவாசாகி. புதிதாக வாங்கினால் விலை 10,000 டாலருக்கு மேல். நெப்ராஸ்கா மாநிலத்து பியாட்ரிஸ் நகரில் இயங்கும் எக்ஸ்மார்க் நிறுவனம் 1995இல் லேசர் இசட்டை அறிமுகப்படுத்தியது. அன்று முதல் தொழில்முறையாகப் புல் வெட்டுபவர்களிடையே அதற்கு நல்ல பெயர் உண்டு.

வெட்டும் தரத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. பிளேடு கூர்மையாக இருந்தால், அடர்ந்து வளர்ந்த பெர்முடாவையும் நுனி கிழியாமல் சீராக வெட்டி ஒதுக்குகிறது. இந்த விலைக்கு விற்கப்படும் எந்த வணிக இயந்திரமும் அதைச் செய்யும், செய்யவும் வேண்டும். வாங்க நினைப்பவர்கள் பார்க்க வேண்டியவை வேறு இரண்டு என்பது என் கருத்து: ஓட்டுபவருக்கு ஒரு கணம் கவனம் பிசகினால் இயந்திரம் என்ன செய்யும் என்பது ஒன்று, பராமரிப்புக்காக அதன் அடிப்பகுதியை எவ்வளவு எளிதில் எட்ட முடியும் என்பது மற்றொன்று. அந்த இரண்டையும் வைத்தே இங்கு மதிப்பிடுகிறேன்.

இதற்கு ஸ்டியரிங் கிடையாது. இருக்கைக்கு இருபுறமும் ஒவ்வொரு லீவர் உண்டு. பின்சக்கரம் ஒவ்வொன்றையும் தனித்தனி ஹைட்ராலிக் பம்பும் மோட்டாரும் இயக்குகின்றன. வலது லீவரை முன்னே தள்ளி இடது லீவரைப் பின்னே இழுத்தால் வண்டி நின்ற இடத்திலேயே இடப்பக்கமாகச் சுழலும். பழகிய கைக்கு இது மாட்டுவண்டியின் இரு கயிறுகளைப் பிடித்து ஓட்டுவதைப் போல இயல்பாக வந்துவிடும். முன்சக்கரங்கள் வெறுமனே சுழன்று திரும்பக்கூடியவை. அவற்றால் வண்டியைத் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. திசை, வேகம், நிறுத்தம் ஆகிய மூன்றும் பின்டயர்களின் பிடிப்பை மட்டுமே நம்பியிருக்கின்றன. அந்தப் பிடிப்பு போய்விட்டால் லீவரை எப்படி அசைத்தாலும் வண்டி தன் போக்கில் சரிந்துகொண்டே போகும். இது எக்ஸ்மார்க்குக்கு மட்டும் உரிய குறையன்று; ஜீரோ டர்ன் என்று அழைக்கப்படும் எல்லாப் புல்வெட்டிகளின் இயல்பும் இதுதான்.

இதனால்தான் கையேடு 15 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஓட்டக்கூடாது என்கிறது. 100 அடி தூரத்துக்கு ஏறத்தாழ 27 அடி உயரும் சரிவு அது. கண்ணளவில் அதைக் கணிப்பது கடினம் என்பதால், கைபேசியில் உள்ள சாய்வுமானியை ஒரு நேர்ப்பலகையின் மீது வைத்து அளந்து பார்ப்பது நல்லது. அளவுக்கு உட்பட்ட சரிவு என்றாலும், காலைப் பனியில் புல் நனைந்திருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. எங்கள் மைதானத்தின் வடக்கு ஓரத்தில் மழைநீர்க் குளம் ஒன்று இருக்கிறது. கரை விளிம்பிலிருந்து இயந்திர அகலத்தைப் போல் இருமடங்கு, அதாவது ஏறத்தாழ 9 அடி விலகியே ஓட்ட வேண்டும் என்று விதித்து, அந்த எல்லையில் வெள்ளைக் குச்சிகளை நட்டுவைத்திருக்கிறோம். குச்சிக்கு அப்பால் உள்ள புல்லைக் கையில் பிடித்து வெட்டும் டிரிம்மரால்தான் வெட்டுகிறோம். சரிவில் டயர் வழுக்கத் தொடங்கினால், முதலில் பிளேடை நிறுத்திவிட்டு, திருப்ப முயலாமல், மெதுவாக நேர் கீழாக இறங்குவதே முறை.

வண்டியில் மடக்கக்கூடிய உருள்தடுப்புச் சட்டம் ஒன்றும் சீட் பெல்ட்டும் உள்ளன. இவை இரண்டும் சேர்ந்துதான் பயன் தரும் என்பதைப் புதிதாக ஓட்டுபவர்கள் பலர் அறியாமல் இருப்பதைப் பார்க்கிறேன். சட்டம் நிமிர்ந்திருக்கும்போது பெல்ட் கட்டாயம். வண்டி கவிழ்ந்தால் சட்டம் உண்டாக்கும் பாதுகாப்பான இடைவெளிக்குள் ஓட்டுபவரை இருத்திவைப்பது பெல்ட்தான். தாழ்ந்த மரக்கிளைக்காகச் சட்டத்தை மடக்கியிருக்கும்போது பெல்ட் அணியக்கூடாது. அப்போது வண்டி கவிழ்ந்தால் அரை டன்னுக்கு மேற்பட்ட எடையின் அடியில் அது ஓட்டுபவரைக் கட்டிப்போட்டுவிடும். கிளையைக் கடந்தவுடன் சட்டத்தை மீண்டும் நிமிர்த்துவதற்குச் சில நொடிகள்கூட ஆகாது. ஆனால் மடக்கியதை மடக்கியபடியே விட்டுவிட்டு ஓட்டுபவர்கள்தான் அதிகம். எங்கள் தீர்வு எளிமையானது: தாழ்ந்த கிளைகளை வெட்டிவிட்டோம்.

இன்ஜினை இயக்க வேண்டுமானால் பார்க்கிங் பிரேக் போடப்பட்டிருக்க வேண்டும், பிளேடு சுவிட்ச் கீழே அழுத்தப்பட்டிருக்க வேண்டும், லீவர்கள் இரண்டும் வெளிப்புறமாக விரிக்கப்பட்டுப் பூட்டு நிலையில் இருக்க வேண்டும். பிளேடு ஓடும்போது ஓட்டுபவர் இருக்கையை விட்டு எழுந்தால் இன்ஜின் தானாகவே நின்றுவிடும். இந்த ஏற்பாட்டை வேலையைத் தடுக்கும் தொல்லையாகக் கருதி, இருக்கைக்கு அடியிலுள்ள சுவிட்சின் கம்பிகளை இணைத்து முடக்கிவிடுபவர்கள் உண்டு. பழைய இயந்திரம் வாங்குபவர்கள் முதலில் இருக்கையைத் தூக்கி அங்கே ஒட்டுக்கம்பி ஏதேனும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிளேடின் முனை நிமிடத்துக்கு ஏறக்குறைய 18,500 அடி வேகத்தில் சுழல்கிறது. மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மிகுதியான வேகம் அது. சுவிட்சை அழுத்தியதும் பிளேடு 5 நொடிக்குள் முழுமையாக நின்றாக வேண்டும். அதற்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தால் பிளேடை இன்ஜினோடு இணைத்தும் பிரித்தும் விடும் மின்கிளட்ச்சைச் சரிபார்க்காமல் அடுத்த முறை எடுக்கக்கூடாது. ஓட்டத் தொடங்கும் முன் இந்தச் சோதனைகள் அனைத்தையும் செய்வதற்குத் தேநீர் ஆறும் நேரம்கூடத் தேவைப்படாது.

வெட்டிய புல் வெளியேறும் வலப்பக்கத்தில் கருநிற ரப்பர் மறைப்பு ஒன்று தொங்குகிறது. வேலிக்கம்பத்தை ஒட்டி ஓட்ட இடைஞ்சலாக இருக்கிறது என்று இதைக் கழற்றி எறிபவர்களை நான் மன்னிப்பதில்லை. எங்கள் ஊரில் தீயெறும்புப் புற்றுகள் ஏராளம். கோடையில் களிமண் பாறையாக இறுகும்போது அவையும் கெட்டிப்பட்டுவிடுகின்றன. அந்த வேகத்தில் சுழலும் பிளேடு ஒரு புற்றின் மீது மோதினால் மண்கட்டியும் அதனுள் சிக்கிய சரளையும் எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே வெட்டுவதற்கு முன் மைதானத்தைச் சுற்றி நடந்து கல், கம்பி, பந்து, உடைந்த ஸ்டம்ப் ஆகியவற்றைப் பொறுக்குவது எங்கள் வழக்கம். குழந்தைகள் மைதானத்தில் இருந்தால் வண்டியை எடுப்பதே இல்லை. பின்னோக்கி ஓட்டும்போது பின்புறத்தை மட்டுமன்றித் தரைமட்டத்தையும் திரும்பிப் பார்க்க வேண்டும், ஏனெனில் சிறுகுழந்தை இருக்கையின் முதுகுச்சாய்வுக்குக் கீழே மறைந்துவிடும். ஓட்டுபவரின் காதருகே ஒலி 85 டெசிபலைத் தாண்டும் என்று கையேடே எச்சரிப்பதால், காதுக்கவசம் இல்லாதவருக்கு நாங்கள் சாவியைத் தருவதில்லை.

இனிப் பராமரிப்பு. இன்ஜின் ஆயிலை 100 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். புதிய இயந்திரத்தில் முதல் மாற்றம் அதற்கு வெகு முன்னதாகவே, கையேடு குறிப்பிடும் சில மணி நேரத்திலேயே செய்யப்பட வேண்டும். டெக்சஸ் வெயிலில் ஆயிலை விடவும் முக்கியமாக நான் கருதுவது குளிர்விக்கும் பாதையைத்தான். இது காற்றால் குளிரும் இன்ஜின். மேலேயுள்ள வலையில் காய்ந்த புல் படியும், அதற்குள் புகுந்த தூள் சிலிண்டரின் உலோக மடிப்புகளுக்கிடையே கம்பளம்போல் அடைத்துக்கொள்ளும். வலையைத் தினமும் துடைப்பது போதாது. மேலுறையைக் கழற்றி மடிப்புகளைக் காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். காற்று வடிகட்டியில் மட்டும் எதிர்மாறான ஒழுக்கம் வேண்டும். அதை அடிக்கடி திறந்தால் தூசி உள்ளே விழும் வாய்ப்புதான் கூடும். கையேட்டில் சொல்லியிருக்கும் மணிக்கணக்குப்படி திறந்து, வெளி வடிகட்டியை மாற்றிவிட்டு மூடிவிட வேண்டும்.

பின்டயர்களில் 13 பிஎஸ்ஐ காற்றுதான் இருக்க வேண்டும். காருக்குப் பயன்படுத்தும் அளவி இவ்வளவு குறைந்த அழுத்தத்தைத் துல்லியமாகக் காட்டாது என்பதால் தனியாக ஒரு சிறிய அளவி வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு டயரில் காற்று குறைந்தாலும் வெட்டும் தளம், அதாவது பிளேடுகளை மூடியிருக்கும் அடிப்பெட்டி, ஒருபக்கமாகச் சாயும். மைதானத்தில் ஒரு கோடு உயர்ந்தும் அடுத்த கோடு தாழ்ந்தும் தெரியும். தளத்தைச் சமன்செய்ய வேண்டும் என்று பணிமனைக்குக் கொண்டுபோவதற்கு முன் காற்றைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

பிளேடைக் கழற்றுவதற்கு அடிப்பகுதியை எட்டுவதில் இந்த இயந்திரம் நல்ல மதிப்பெண் பெறுகிறது. முன்பக்கத்தை உயர்த்தினால் மூன்று பிளேடுகளின் போல்ட்டுகளுக்கும் குறடு நேராகப் போகிறது. ஆனால் உயர்த்தும் முன் சாவியை எடுத்துவிட்டு ஸ்பார்க் பிளக் இணைப்புகளையும் பிடுங்கிவிட வேண்டும். ஹைட்ராலிக் ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே கையை நுழைக்கக்கூடாது. ஜாக் தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு உறுதியான ஸ்டாண்டு வேண்டும். போல்ட்டோடு வரும் சற்றே குழிந்த வில்வட்டு ஒன்றை எந்தப் பக்கமாக மாட்டுவது என்று பலர் குழம்புகிறார்கள்: கூம்பிய பக்கம் போல்ட்டின் தலையை நோக்கி இருக்க வேண்டும். மாறி மாட்டினால் பிளேடு போதுமான இறுக்கத்துடன் நிற்காது. கூர்தீட்டும்போது மேற்புறத்தை மட்டும் ஏற்கெனவே உள்ள கோணத்திலேயே தேய்த்து, சுவரில் அடித்த ஆணியில் நடுத்துளையை மாட்டிப் பார்த்தால், இரு முனைகளின் எடையும் ஒன்றா என்று தெரிந்துவிடும். ஒருபக்கம் கனமான பிளேடு ஸ்பிண்டிலின், அதாவது பிளேடைச் சுழற்றும் தண்டின், பேரிங்கைத் தின்றுவிடும். புல்லை மேலே தூக்குவதற்காகப் பிளேடின் பின்விளிம்பு வளைந்திருக்கும் இடத்தில் மணல் அரித்துத் தகடு மெலிந்திருந்தாலோ, நகத்தால் தடவினால் கீறல் ஒன்று தட்டுப்பட்டாலோ, தீட்டுவதைப் பற்றி யோசிக்காமல் அதைக் குப்பையில் போட வேண்டும். வளைந்த பிளேடை அடித்து நிமிர்த்துவதும் அவ்வாறே தவறு.

பெட்ரோலில் 10 விழுக்காட்டுக்கு மேல் எத்தனால் கலந்தது ஆகாது; டெக்சஸ் பெட்ரோல் நிலையங்களில் 15 விழுக்காட்டுக் கலவையும் அருகிலேயே விற்கப்படுவதால் பம்பின் மீதுள்ள எழுத்தைப் படித்துவிட்டுப் பிடிக்க வேண்டும். பிக்கப் வண்டியின் பிளாஸ்டிக் தரையில் வைத்துக் கேனை நிரப்பினால் நிலைமின்சாரம் வெளியேற வழியின்றித் தீப்பொறி உண்டாகலாம். கேனைத் தரையில் இறக்கிவைத்தே நிரப்ப வேண்டும். டிரெய்லரில் ஏற்றும்போது முழு அகலச் சாய்தளத்தில் பின்னோக்கி ஏற்றி, இறக்கும்போது முன்னோக்கி இறக்குவதே முறை. எடை பின்பக்கம் குவிந்திருப்பதால் முன்னோக்கி ஏற்றினால் வண்டியின் முகம் தூக்கிக்கொள்ளக்கூடும்.

ஒரு குறையைச் சொல்ல வேண்டும். அது இயந்திரத்தைப் பற்றியதன்று. பருவத் தொடக்கச் சர்வீசுக்காக நாங்கள் அனுப்பிய பணிமனை ஒன்று, ஹைட்ராலிக் ஆயிலை மாற்றிய பிறகு குழாய்களில் தங்கிய காற்றை வெளியேற்றாமலேயே வண்டியைத் திருப்பித் தந்தது. ஒருபக்கச் சக்கரம் விட்டுவிட்டு இழுத்தது. பம்பு மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை கேட்டார்கள். கையேட்டில் உள்ளபடி பின்சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்தித் தாங்கிவைத்து, லீவர்களை மெதுவாக முன்னும் பின்னுமாக அசைத்துக் காற்றை வெளியேற்றி, குறைந்த ஆயிலை ஊற்றியதும் கோளாறு நீங்கிவிட்டது. அதன் பின் ஆயில், பெல்ட், பிளேடு வேலைகளை நாங்களே செய்துகொள்கிறோம். வால்வு இடைவெளி சரிசெய்வதற்கு மட்டும் வேறொரு பணிமனைக்கு அனுப்புகிறோம்.

ஒரு ஏக்கருக்குக் குறைந்த தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இந்த விலை வீண்செலவு. நிலத்தில் பாதிக்கு மேல் மேடும் பள்ளமுமாக இருப்பவர்களுக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். நான்கு சக்கர இழுவையுள்ள, ஸ்டியரிங் வைத்த இயந்திரமே அவர்களுக்கு ஏற்றது. சமதரையாக ஐந்து ஏக்கருக்கு மேல் வைத்திருக்கும் பள்ளி, கோயில், விளையாட்டுக் குழு ஆகியவற்றுக்குத் தயங்காமல் வாங்கச் சொல்வேன். பழையதாக வாங்குவதானால், இன்ஜின் ஓடிய நேரத்தைக் காட்டும் மணிமானியில் உள்ள எண்ணைவிட பிளேடுத் தளத்தின் அடித்தகடும் முன்சக்கரப் பேரிங்குகளும் உண்மையைச் சொல்லும் என்பதால், விற்பவரிடம் முன்பக்கத்தை உயர்த்திக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு மறுத்தால் வேறு இயந்திரத்தைத் தேடுங்கள்.