ஆமைக்கு வாங்கின 5.0 யுவிபி பல்பு: அஞ்சு மாசம் போட்டுப் பாத்துட்டு எழுதறனுங்க

ஈரோட்டுல அபார்ட்மெண்ட்டுல இருக்கறோமுங்க. என்ற பையன் ஆசப்பட்டான்னு ரெண்டு வருசம் முன்னால ஒரு ரெட் இயர் ஸ்லைடர் குஞ்சு வாங்கினோம், கண்ணுக்குப் பின்னால செவப்பா கோடு இருக்குமே அந்த ஆமைதான். வாங்கறப்ப பத்து ரூபா காச விடக் கொஞ்சம் பெருசு. இந்நேரம் உள்ளங்கையளவு வந்திருக்கோணும், ஆனா ஓடு 6 சென்டிமீட்டரத் தாண்டவே இல்ல. கழுத்துலயும் பின்னங்கால்லயும் வெங்காயச் சருகாட்டம் வெள்ளையா உரிஞ்சு தண்ணில தொங்கும். ஒரு நாள் தொட்டி கழுவறப்ப ஓட்டோட ஓரத்த கட்டவெரல்ல லேசா அமுத்தினேன், நமத்துப்போன அப்பளமாட்டம் வளையுது. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

மொதல்ல ஒரு கடைல யுவி பல்புன்னு, அதாவது வெயில்ல இருக்கற புற ஊதாக் கதிர் குடுக்கற பல்புன்னு, நீலக் கலர்ல ஒண்ணக் குடுத்தாங்க, 350 ரூபா, மூணு மாசம் எரிச்சும் ஒரு மாத்தமுமில்ல. பக்கத்து ஊட்டக்கா பாவம்னு நெனச்சு "காவேரில விட்டுரு அம்மிணி"ன்னாங்க. அது அமெரிக்கா ஆமைங்க, ஆத்துல விட்டா நம்மூரு ஆமைங்களோட எரைக்கும் எடத்துக்கும் போட்டி போடும், தயவுசெஞ்சு யாரும் அப்படிப் பண்ணாதீங்க.

அப்பறம் திருச்செங்கோடு வழியா நாமக்கல் கால்நடை காலேஜுக்குத் தூக்கிட்டுப் போனோம். டாக்டர் பல்பு பொட்டியத் திருப்பிப் பாத்துட்டு, "இதுல யுவிபின்னு எங்கீங்கம்மா போட்டிருக்குது, இது சூடு மட்டுந்தான் குடுக்கும்"னாரு. ஜன்னலோரமாத்தான் வெச்சிருக்கறோம், காலைல நல்லா வெயிலடிக்குதேன்னு கேட்டேன். கண்ணாடி வழியா வெளிச்சமும் சூடும் வரும், யுவிபிங்கற வகைப் புற ஊதாக் கதிர் வராது, அது தோல்ல பட்டாத்தான் வைட்டமின் டி3 ஊறும், டி3 இல்லாம எத்தன கால்சியம் போட்டாலும் ஒடம்புல சேராது, அதனாலதான் ஓடு வளையுதுன்னாரு. ரெண்டு வருசமா அந்த ஜன்னல நம்பி இருந்திருக்கறோம், கேட்டதும் எனக்கு அழுகையே வந்துருச்சு. தோல் கொஞ்சம் உரியறது வளர்ற ஆமைக்கு சகஜமாம், எங்க ஆமைக்கு இருந்தது அழுக்குத் தண்ணியும் ஒடம்பு காய எடமில்லாததும் சேர்ந்து வந்த பூஞ்சை.

இப்ப பல்புக்கு வர்றேன். 5.0 (யுவிபி எவ்வளவு வரும்னு காட்டற நம்பர்) போட்ட 26 வாட் சுருள் பல்பு, ஆன்லைன்ல 1,250 ரூபா. வெலை எச்சுதான், ஆனா ஒழுங்கா வேல செய்யுது. ஒரு கல்ல தண்ணிக்கு மேல வர்ற மாதிரி வெச்சு, அதுக்கு ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல பல்பத் தொங்கவிட்டிருக்கறோம், தெனமும் பத்து மணி நேரம் எரியும். நடுவுல கண்ணாடி மூடியோ பிளாஸ்டிக்கோ இருந்தா வாங்கினதே வீணுங்க. இது சூடு அவ்வளவா குடுக்காது, அதனால கல்லுக்கு நேரா சாதா குண்டு பல்பும் ஒண்ணு தனியா போட்டிருக்கறோம். கொறைன்னா ஹோல்டர் குடுக்கறதில்ல, எவ்வளவு ஒசரத்துல மாட்டோணும்னு பொட்டில ஒரு வரி கூட இல்ல, அதுக்குத்தான் ஒரு ஸ்டார் கொறச்சிருக்கறேன். மீன் தொட்டித் தண்ணி சுத்தம் பண்றதுக்கு விக்கற யுவி லைட்டு வேற, அது யுவிசின்னு வேற வகைக் கதிர், அத ஆமை மேல அடிக்கவே கூடாது, கண்ணு போயிரும்.

சாப்பாட்டயும் மாத்தினோம். முன்ன வெறும் காஞ்ச எறாதான் போட்டுட்டு இருந்தோம், இப்ப ஆமைத் தீவனம், கேரட் துருவல், கொஞ்சம் கீரை, பாலக் மட்டும் வேண்டாம்னுட்டாங்க, அது கால்சியத்தச் சேரவிடாதாம். நாட்டு மருந்துக் கடைல கடல் நுரைன்னு கேட்டா கணவா ஓடு குடுப்பாங்க, ஒரு துண்டு தண்ணில மெதக்கவிட்டா அதா கடிச்சுக்கும்.

அஞ்சு மாசத்துல 8 சென்டிமீட்டர் ஆயிருச்சுங்க. ஓட்டுக் கட்டத்துக்கு நடுவுல புதுசா வெளிர்பச்சைக் கோடு தெரியுது, ஓரம் அமுத்தினா வளையறதில்ல, கழுத்துத் தோல் சுத்தமாயிருச்சு. இந்தப் பல்பு நல்லா எரிஞ்சுட்டே இருந்தாலும் யுவிபி கொறஞ்சுட்டே வருமாம், நம்ம கண்ணுக்குத் தெரியாது. அதனால மாட்டின தேதியப் பையன் காலண்டர்ல எழுதி வெச்சிருக்கறான், அடுத்த மாசம் புதுசு வாங்கோணும், இதேதான் வாங்கப்போறேன்.