காருக்குள் தண்ணீர்: பூசுவதா, திறந்துவிடுவதா?

ஐப்பசி மழை இரவெல்லாம் கொட்டித் தீர்த்த மறுநாள் காலை, முன்பக்கம் இடது இருக்கையில் ஏறிக் காலை ஊன்றியதுமே என் மாமியார் கேட்டார்: "என்ன மாப்ள, காருக்குள்ள கண்மாய் வெட்டி வச்சிருக்கீங்க?" ரப்பர் மேட்டைத் தூக்கிப் பார்த்தேன். கார்பெட் சொதசொதவென்று கிடந்தது. கையால் அழுத்தினால் விரலிடுக்கில் தண்ணீர் பொங்கியது.

எட்டு வயதான ஹாட்ச்பேக் அது. சன்ரூஃப் கிடையாது. மதுரை விஸ்வநாதபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில், வேப்ப மரத்தடியில் நிற்கும். அடுத்த மூன்று வாரத்தில் கம்பெனி சர்வீஸ், கார் ஆக்சசரீஸ் கடை, பழங்காநத்தம் பக்கம் ஓர் ஏசி மெக்கானிக் என்று மூன்று இடம் அலைந்து, கடைசியில் நானே ஸ்க்ரூடிரைவரை எடுக்க வேண்டியதாயிற்று. ஆளுக்கு ஒரு வழி சொன்னார்கள். எந்த வழி எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதைத்தான் எழுதுகிறேன்.

எந்தத் தண்ணீர்?

சுற்றிய இடங்களில் உருப்படியான கேள்வியைக் கேட்டவர் ஏசி மெக்கானிக் ஒருவர்தான். வண்டியைத் தொடுவதற்கு முன்பே, "அண்ணே, மழைத் தண்ணியா, ஏசித் தண்ணியா, ரேடியேட்டர் தண்ணியா? அதச் சொல்லுங்க மொதல்ல" என்றார்.

ஏசித் தண்ணீர் என்றால் மழையே பெய்யாத நாளிலும் ஊறும். நிறம் இருக்காது, பிசுபிசுக்காது. ஏசி ஓடும்போது உள்ளே குளிர்ந்த சுருளில் படியும் ஈரம் ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்ட வேண்டும். அந்தக் குழாயில் தூசி அடைத்தால் தண்ணீர் திரும்பி இடதுபக்கக் கால்பள்ளத்துக்கு வந்துவிடும். சோதிப்பது எளிது. புழுக்கமான நாளில் கால்மணி நேரம் ஏசியைப் போட்டு வண்டியை நிறுத்திவைத்து, கீழே குனிந்து பாருங்கள். ஒரு சொட்டுகூட விழவில்லையென்றால் அடைப்பு. நம் சித்திரை வெயிலில், காற்று வறண்டு கிடக்கும்போது, நல்ல வண்டியிலும் சொட்டு குறைவாகத்தான் விழும். அன்றைக்குப் பார்த்துவிட்டு அடைப்பு என்று முடிவுகட்ட வேண்டாம்.

ரேடியேட்டர் தண்ணீர், அதாவது கூலண்ட், பெரும்பாலும் பச்சையாகவோ சிவப்பாகவோ இருக்கும். தொட்டால் பிசுபிசுக்கும், லேசான இனிப்பு வாடை வரும், முன் கண்ணாடியின் உட்புறம் எண்ணெய் பூசினாற்போல மங்கும். பானெட்டுக்குள் கூலண்ட் டப்பாவின் அளவும் இறங்கியிருக்கும். டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கசிகிறது என்று பொருள். தள்ளிப் போட்டால் எஞ்சின் சூடேறி நிற்கும். நேரே ஒர்க்‌ஷாப்தான், வேறு பேச்சில்லை.

இன்னொன்றும் இருக்கிறது: கீழிருந்து ஏறிய வெள்ளம். 2024 அக்டோபரில் செல்லூர்ப் பக்கம் தெருவெல்லாம் ஆறாக ஓடியபோது நனைந்த வண்டிகளையும், மழை பெய்தால் மணிநகரம் கர்டர் பாலத்துக்கடியில் மாட்டிக்கொள்ளும் வண்டிகளையும் இதில் சேர்க்கலாம். கார்பெட்டுக்கு அடியில் மண்ணும் சாக்கடை வாடையும் இருக்கும். அப்படி நனைந்த வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் இன்சூரன்சுக்குச் சொல்லிவிட வேண்டும். முழுக் காப்பீடு இருந்தால் வெள்ளச் சேதத்துக்குக் கேட்க வழியுண்டு. கதவைச் சுற்றி ஓடும் பழைய ரப்பர் பட்டை, அதாவது பீடிங், ஒழுகியதற்கு ஒரு பைசா பெயராது.

என் வண்டியில் நிறமில்லை, வாடையில்லை. மழை பெய்த நாளில் மட்டும் ஊறியது. மழைத் தண்ணீர்தான் என்றாகிவிட்டது. எந்த வழியாக வருகிறது என்பதுதான் பாக்கி.

ஹோஸா, கோலப்பொடியா?

கார்பெட் நனைந்த இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைப்பது இயல்பு. பெரும்பாலும் தப்பு. தண்ணீர் வயர் கட்டைப் பிடித்து ஓடும், தகட்டு மடிப்புக்குள் புகுந்து நாலடி தள்ளி வெளியே வரும். வண்டியை ஏற்றத்தில் மூக்கு மேலாக நிறுத்தினால் முன்னால் புகுந்த தண்ணீர் பின் இருக்கைக்குக் கீழே போய்த் தேங்கும்.

கம்பெனி சர்வீசில் வாட்டர் வாஷ் கன்னைப் பிடித்து நாலு பக்கமும் பீய்ச்சினார்கள். எல்லாக் கதவிலும் கொஞ்சம் கொஞ்சம் கசிந்தது. "பீடிங் எல்லாமே மாத்தணும் சார்" என்றார்கள். அந்த வேகத்தில் அடித்தால் நல்ல ரப்பரையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் உள்ளே வரும். மழை அப்படிப் பெய்வதில்லையே. இந்தச் சோதனையில் எல்லா வண்டியும் ஃபெயில்தான்.

தோட்டத்து ஹோஸ் நல்ல முறை, பொறுமை இருந்தால். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே டார்ச்சோடு, ஒருவர் வெளியே. ஹோஸின் வாயில் விரலை வைத்து அழுத்தாமல் தண்ணீரைச் சும்மா வழியவிட வேண்டும். கீழிருந்துதான் தொடங்க வேண்டும்: முதலில் கதவின் அடிப்பாகம், அப்புறம் கண்ணாடியின் கீழ் விளிம்பு, அப்புறம் வைப்பருக்குக் கீழே உள்ள தட்டு, கடைசியாகக் கூரை. மேலே ஊற்றினால் அது எல்லா இடத்தையும் நனைத்துக்கொண்டு இறங்கும்; எதன் வழியாகப் புகுந்தது என்று சொல்ல முடியாது. ஓரிடத்துக்கு ஐந்து பத்து நிமிடமாவது ஊற்ற வேண்டும். பெரும்பாலோர் இரண்டே நிமிடத்தில் சலித்துப் போய் ஹோஸை மேலே தூக்கிவிடுகிறோம். நானும் முதல் நாள் அப்படித்தான் கெடுத்தேன்.

கோலப்பொடி என் மனைவியின் யோசனை. கதவோரத் தூணின் பிளாஸ்டிக்கையும் டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள மூடியையும் கழற்றி, உள்ளே தெரியும் தகட்டில் பிரஷ்ஷால் பொடியை லேசாகத் தடவிவிட்டு மழைக்காகக் காத்திருப்பது. தண்ணீர் ஓடிய தடம் வெள்ளையில் கோடு கிழித்தது போலத் தெரியும். கல்மாவுதான் இதற்கு ஆகும். பச்சரிசி மாவு என்றால் தடம் பசையாகிவிடும், எறும்புக்கும் விருந்து. ஹோஸ் தேடிச் சொல்லாத ஒன்றை இந்தப் பொடி சொன்னது: தூணில் ஒரு கோடும் இல்லை. தண்ணீர் கதவு வழியாகவும் வரவில்லை, கூரை வழியாகவும் வரவில்லை. ஏசிக் காற்றை உள்ளே தள்ளும் ப்ளோயர் பெட்டியின் அடியிலிருந்துதான் கோடு தொடங்கியது.

பீடிங்கை மட்டும் சந்தேகப்பட்டால் இத்தனை பாடு வேண்டாம். பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்திவிட்டு இழுத்துப் பாருங்கள். நோட்டு இறுக்கமாக வந்தால் ரப்பர் நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடம் தளர்ந்துவிட்டது. கதவைச் சுற்றி ஓரடிக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

முன் கண்ணாடியை மாற்றிய வண்டியென்றால் சோப்புத் தண்ணீர் முறை கெட்டி. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வெளிக்காற்று வரும்படி வைத்து ப்ளோயரை முழு வேகத்தில் ஓடவிட்டால் உள்ளே காற்றழுத்தம் கூடும். வெளியே கண்ணாடி விளிம்பில் சோப்பு நுரையைத் தடவினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழ் கிளம்பும். பின் பம்பருக்குள் காற்று வெளியேற இயல்பாகவே வழி உண்டு, அங்கே குமிழ் வந்தால் பயப்பட வேண்டாம். பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர், உள்ளே சாம்பிராணி போட்டுப் புகை எங்கே வெளியேறுகிறது என்று பார்க்கச் சொன்னார். ஃபோமும் பிளாஸ்டிக்கும் நிறைந்த பெட்டிக்குள் தணலை வைக்கிற தைரியம் எனக்கில்லை.

கலுங்கும் கரையும்

அடைப்பதா திறப்பதா என்பதில்தான் நான் ஏமாந்தேன்.

கம்பெனி டேஷ்போர்டைக் கழற்ற ஒரு தொகை, பீடிங்குக்கு ஒரு தொகை என்று எஸ்டிமேட் நீட்டியதும், ஆக்சசரீஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு சிலிக்கான் டியூபை எடுத்தார். முன் கண்ணாடியைச் சுற்றி, வைப்பர் தட்டின் விளிம்பு நெடுக, பானெட் மூலை வரை பூசிவிட்டார். "இனி ஒரு சொட்டு வராது சார்." அடுத்த மழையில் முன்பைவிட அதிகமாக வந்தது.

காரணம் இப்போது புரிகிறது. கார் என்பது தண்ணீரே புகாத பாத்திரம் இல்லை. தண்ணீர் வரட்டும், வடிகால் வழியே போகட்டும் என்றுதான் கட்டியிருக்கிறார்கள். கதவுக் கண்ணாடியை ஒட்டி வழியும் மழை கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். கதவின் அடி விளிம்பில் உள்ள சின்னத் துளைகள் வழியாக வெளியேறும். வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்திலும் இரண்டு ஓரத்திலும் வடிகால் உண்டு. சன்ரூஃப் உள்ள வண்டியில் அதன் மூலைகளிலிருந்து குழாய்கள் தூண்களுக்குள் இறங்குகின்றன. கண்மாயில் மிஞ்சிய தண்ணீர் வெளியேறக் கலுங்கு இருப்பது மாதிரி. கலுங்கு அடைத்துக்கொண்டால் தண்ணீர் கரையின் தாழ்வான இடத்தைத் தேடிப் போகும். என் வண்டியில் அந்தத் தாழ்வான இடம் ப்ளோயருக்குக் காற்று இழுக்கும் வாய். வேப்பிலையும் காம்பும் மக்கி வடிகாலை அடைத்திருந்தன. மிச்சமிருந்த கொஞ்ச வழியைச் சிலிக்கான் மூடியது. கலுங்கை அடைத்துவிட்டுக் கரையைப் பூசிய கதை.

வைப்பர் கைகளைக் கழற்றி, பிளாஸ்டிக் தட்டைத் தூக்கிப் பார்த்தபோது இரண்டு கை நிறைய எரு மாதிரி வந்தது. வெல்லப்பாகு போலக் கறுப்பாக. ரோஜாத் தொட்டிக்குப் போட்டேன், அது தனி லாபம். வடிகாலில் வளையும் நைலான் கம்பியை விட்டுக் குத்தி, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினேன். முன்சக்கரத்துக்குப் பின்னால் கடகடவென்று கொட்டியது. மொத்தச் செலவு கம்பிக்கு மட்டும்தான்.

ஒரு எச்சரிக்கை. ஏசிக் குழாயானாலும் சன்ரூஃப் குழாயானாலும் கம்ப்ரசர் காற்றை முழு வேகத்தில் அடிக்கக் கூடாது. அடைப்பு விலகும் முன்பே குழாய் உள்ளே இணைப்பிலிருந்து கழன்றுகொள்ளும். அப்புறம் டேஷ்போர்டைக் கழற்றுவது நிஜமாகவே தேவைப்படும்.

பூசவே கூடாது என்று சொல்லவில்லை. தகடு சேரும் இடத்தில் பழைய பூச்சு வெடித்திருந்தால், டெயில் லேம்ப்புக்குப் பின்னால் உள்ள மெத்தை நொறுங்கியிருந்தால், ஹாரனுக்கோ ஃபாக் லேம்ப்புக்கோ வயர் இழுக்க எஞ்சின் பக்கச் சுவரில் ஓட்டை போட்டவர்கள் ரப்பர் போடாமல் விட்டிருந்தால் அடைத்துத்தான் ஆக வேண்டும். இடத்துக்கு ஏற்ற பொருளா என்பதுதான் கேள்வி. முன் கண்ணாடிக்குப் பாலியூரிதேன் பசை. கதவுப் பேடுக்கு உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளுக்கு ப்யூட்டைல் டேப். ஸ்பீக்கர் மாற்றியவர்கள், பவர் விண்டோ சரிசெய்தவர்கள் இந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் போவது சகஜம். கதவோரம் மட்டும் நனைந்தால் முதலில் இதைப் பாருங்கள். தகட்டு மூட்டுக்கு டிங்கர் கடையில் வைத்திருக்கும் சீலர். பாத்ரூமுக்கு வாங்கும் சிலிக்கான் இவற்றில் எதற்கும் சரிவராது. புளித்த காடி வாடை வருகிற வகை, பெயின்ட் போன தகட்டில் துருவை ஏற்றிவிடும். அதன்மேல் வேறு எதுவும் ஒட்டாது, பெயின்ட்டும் பிடிக்காது. நான் சுரண்டி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது.

யாரிடம் விடுவது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாரன்டி இருக்கும் வண்டி என்றால் யோசிக்காமல் கம்பெனி. நீங்கள் கழற்றினால் வாரன்டி வாதத்துக்குப் போகும். கூலண்ட் என்றாலும், கண்ணாடியை எடுத்து மறுபடி ஒட்டுவது என்றாலும் அதற்கென்று பழகிய கை வேண்டும். மற்றதெல்லாம் கண்டுபிடிக்கிற வேலை, அதற்கு வேண்டியது நேரம். மணிக்கணக்கு பார்க்கும் இடத்தில் அந்த நேரம் கிடைக்காது. பழங்காநத்தம் மெக்கானிக், ஏசிக் குழாய் சுத்தமாக இருக்கிறது என்று பார்த்துச் சொல்லிவிட்டு, "இது என் வேலை இல்லண்ணே, மேல எங்கயோ அடச்சிருக்கு" என்று காசு வாங்காமல் அனுப்பினார். அந்த ஒரு வாக்கியத்துக்கே காசு கொடுத்திருக்கலாம்.

காயப்போடுவது

அடைப்பு போனதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கார்பெட்டுக்கு அடியில் தடித்த ஃபோமோ சணல் மெத்தையோ இருக்கும். மேலே காய்ந்துவிட்டாலும் அது லிட்டர் கணக்கில் தண்ணீரை வைத்திருக்கும். கதவைத் திறந்து வைத்து மதுரை வெயிலில் நிறுத்தினால் காய்ந்துவிடும் என்று நானும் நம்பினேன். நாலு நாள் கழித்தும் உள்ளே கை வைத்தால் சில்லென்றது. ஐந்தாம் நாள் பூசண வாடை. செய்தித்தாளைத் திணிப்பதும் பேக்கிங் சோடா தூவுவதும் மேலோட்டமான ஈரத்துக்குச் சரி, ஊறிய மெத்தைக்கு ஆகாது.

இருக்கையைக் கழற்றி மெத்தையை வெளியே எடுத்து மொட்டை மாடியில் போட்டேன். இரண்டே நாள். கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்துவிட்டுச் சில நிமிடம் பொறுத்திருங்கள். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பு இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. அது கழன்றிருக்கும்போது சாவியைப் போடக் கூடாது, போட்டால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். பயமாக இருந்தால் இந்த ஒரு வேலையை மட்டும் மெக்கானிக்கிடம் விடுங்கள். தகட்டில் துரு தொடங்கியிருந்தால் பார்த்துக்கொள்ள அதுதான் சமயம்.

வண்டியை வெயிலில் நிறுத்தினால் இலை விழாது, ஆனால் ரப்பர் பீடிங் காய்ந்து வெடிக்கும். மரத்தடியில் நிறுத்தினால் வடிகாலைச் சுத்தம் செய்துகொண்டே இருக்க வேண்டும். நான் மரத்தடியிலேயே நிறுத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பானெட்டைத் தூக்கி, இலையை அள்ளி, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறேன். அதற்கப்புறம் பெய்த எந்த மழையிலும் கார்பெட் நனையவில்லை. மாமியார் மட்டும் இன்னும் பின் இருக்கையில்தான் ஏறுகிறார்.