கடற்கரை ஊருக்கு எந்தக் கொப்பி?

திருகோணமலையில் கொப்பி வாங்கப் போனால் கடைக்காரர் 80 பக்கமா, 120 பக்கமா என்றுதான் கேட்பார். நான் நடுவைப் பிரித்து, எதனால் கட்டியிருக்கிறது என்று பார்ப்பேன். உப்புக்காற்று அடிக்கும் ஊரில் முதலில் கெடுவது கட்டுத்தான்.

மெல்லிய பள்ளிக் கொப்பியில் இருப்பது கம்பிப் பின். கறள் பிடித்து நடுத்தாளில் மண்ணிறப் பொட்டு விழும். ஒரு தவணைக்கு அது போதும். கம்பி ஸ்பைரல் கொப்பிக்கும் அதே கறள் வரும், ஆனால் பின்பக்கம் மடித்து ரியூஷன் வகுப்பில் தொடையில் வைத்து எழுத அதைவிட வசதியானது வேறில்லை. பிழைத்த தாளைச் சத்தமில்லாமல் கிழித்தும் விடலாம்.

கடன் கணக்குக்கு அந்த வசதிதான் வினை. பலசரக்குக் கடை, மீன் வாடி, பெண்கள் பிடிக்கும் சீட்டு எல்லாவற்றிலும் கொப்பியை இன்னொருவரும் நம்ப வேண்டும். அங்கே சீ.ஆர். கொப்பி, அதாவது நூலால் தைத்த தடித்த மட்டைக் கொப்பிதான் என் தேர்வு. தாள்களை இரண்டாக மடித்து மடிப்பில் தைத்திருப்பார்கள். முன்னால் ஒரு தாளைக் கிழித்தால் பின்னால் அதன் சோடித் தாள் கழன்று ஆடும், களவு தெரிந்துவிடும். விலை கூடத்தான், பரவாயில்லை. ஜெல் பேனை மட்டும் வேண்டாம். மாரி மழையில் பல ஜெல் மை கரையும், சாதாரண பால்பொயின்ற் பேனை தாங்கும்.

போனில் எழுதினால் தேடுவது சுகம். ஆனால் நேற்றைய 500ஐ இன்று 5000 ஆக்கினாலும் திரையில் வெட்டிய தடம் தெரியாது. கூகுள் கீப் என்ற குறிப்புச் செயலியில் அழித்த குறிப்பு 7 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், அதற்குப் பிறகு போனதுதான்.

நோட்புக் என்று விற்கும் மடிக்கணினி வேறு சாதி. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்துப் பிள்ளைகளுக்கு ஒப்படை செய்ய அது வேண்டும், கடன் எழுத யாரும் அதைத் திறக்கப்போவதில்லை. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனபோது பற்றரி எவ்வளவு நேரம் தாங்கும்? சரி, கடதாசியை நம்பினவர்களும் தப்பவில்லை: அதே மாதம் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போயின.

கடை வைத்திருப்பவருக்கு நான் சொல்வது, சீ.ஆர். கொப்பியில் எழுதுங்கள், மாதக் கடைசியில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். கொப்பி நனைந்தாலும் கணக்கு இரண்டு பேரிடமும் இருக்கும்.