காயமும் கொடுங்காயமும்
ஏற்காட்டில் காப்பித் தோட்ட எல்லைத் தகராறு கைகலப்பாகி, கல்லில் தள்ளிவிடப்பட்ட ஒருவருக்கு உச்சந்தலைத் தோல் கிழிந்து சட்டையெல்லாம் ரத்தமாகிறது, மற்றவருக்குச் சுண்டுவிரல் எலும்பு மட்டும் முறிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊரார் முதலாமவருக்கே பதறுவார்கள். சட்டமோ எக்ஸ்ரேயில் தெரியும் அந்த மெல்லிய கோட்டை வைத்து இரண்டாமவருடையதையே கொடுங்காயம் என்கிறது. தையல் போட்டு ஆறிவிடும் தலைக்காயம் பெரும்பாலும் வெறும் காயமாகவே நிற்கும்.

உடல்வலி, நோய், உடல்நலக் குறைவு எதை உண்டாக்கினாலும் அது காயமே. ரத்தம் வரவேண்டியதில்லை, ஓர் அறை போதும். கொடுங்காயத்துக்கோ, பார்வையை நிரந்தரமாக இழப்பது, முகம் நிரந்தரமாகச் சிதைவது, எலும்போ பல்லோ (ஆம், ஒற்றைப் பல்லும்தான்) முறிவது என, இன்றைய குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவு எட்டு வகைகளை வரையறுக்கிறது. வாதத்துக்கு அதிகம் இடம் தருவது கடைசி வகை: உயிருக்கு ஆபத்து விளைவித்தது, அல்லது 15 நாட்கள் கடும் வலியிலோ அன்றாட வேலை செய்ய இயலாமலோ வைத்தது. 2024 ஜூலை 1-க்கு முன், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில், இது 20 நாட்களாக இருந்தது. மருத்துவமனையில் அத்தனை நாள் படுத்திருந்தாலே போதும் என்று பலர் நம்புவது சரியன்று; வலியோ இயலாமையோ நிரூபிக்கப்பட வேண்டும்.

ஆயுதமின்றி வேண்டுமென்றே விளைவித்த காயத்துக்கு ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கொடுங்காயத்துக்கு ஏழாண்டு வரை சிறையும் அபராதமும். எனவே சேலம் அரசு மருத்துவமனைக்கு இறங்கி வருபவர், காயங்களைக் குறித்துவைக்கும் விபத்துப் பதிவேட்டை எழுதும்போதே, வீங்கிய விரலையும் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.